பச்சை உடம்பு

எங்கள் வீட்டுக் கடைசி அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். பிரசவ நாட்களில் அதையும் பழைய போர்வை போட்டு மறைத்துவிடுவார்கள். மற்ற மாதங்களில் அங்கே அரிசி மூட்டையும் அப்பாவின் ரயில்வே டிரங்குப் பெட்டியும் கிடக்கும். அக்காமார்களில் ஒருத்தியை வளைகாப்பு முடித்து அழைத்துவந்த அன்றே மூட்டை கூடத்துக்கு மாறும். பெட்டி மாடிப்படிக்கு அடியில் போகும். விட்டத்துக் கொக்கியில் தூளிக்கயிற்றைக் கட்டி அப்பா தொங்கிப் பார்ப்பார். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் இப்படி ஓர் அறை இருந்தது. அதற்கென்று பெயர் கிடையாது. "பொண்ணு உள்ள இருக்கா" என்றால் பிள்ளை பெற்று இன்னும் வெளியே வரவில்லை என்று கேட்டவர்களுக்குப் புரிந்துவிடும்.

எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கம். தாம்பரம் அப்போது சென்னையோடு ஒட்டிக்கொள்ளவில்லை. பீச்சிலிருந்து வரும் மீட்டர்கேஜ் மின்சார ரயில் பெரும்பாலும் எங்களூரோடு நின்றுவிடும். 1931இல் மின்சார வண்டி ஓடத் தொடங்கிய அந்தப் பாதையை நம்பித்தான் எங்கள் பக்கத்துப் பிரசவங்கள் நடந்தன. வலி எடுத்தவளை லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஏற்றி, முன்பின் தெரியாத பூக்காரிகளும் டீச்சர்களும் சுற்றி நின்று மறைத்துக்கொள்ள, எழும்பூர் வரை கொண்டுபோய்ச் சேர்த்த கதை தெருவுக்கு நாலு தேறும். 1844இல் தொடங்கிய எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி எங்கள் ஊர்ப் பேச்சில் வெறும் 'எழும்பூர்'தான். "எழும்பூருக்குப் போயிருக்காங்க" என்றால் வேறு வேலையாகப் போயிருக்க வாய்ப்பே இல்லை என்பதுபோல எல்லோரும் பேசுவார்கள்.

எழும்பூர் வேலை மூன்று நாளில் முடிந்துவிடும். மிச்சம் நாற்பது நாள் எங்கள் வீட்டு வேலை.

அந்த நாற்பது நாளில் முக்கியமான ஆள் அம்மா இல்லை, தண்ணி ஊத்துற ஆயா. கடப்பேரியிலிருந்து நடந்தே வருவார். ஏழு மணிக்குப் பின்வாசல் தகரக் கதவு கிறீச்சிட்டால் ஆயா வந்தாயிற்று என்று அர்த்தம். அதற்குள் கிணற்றடியில் மூன்று செங்கல் அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே நொச்சி, வேப்பிலை, புளிய இலை. நொச்சி ஒடிக்க என்னைத்தான் இரும்புலியூர் ஏரிக்கரைக்கு விரட்டுவார்கள். கடைக்குட்டிக்கு வேறு என்ன உத்தியோகம்? ஏரிக்கரை முழுக்க நொச்சிப் புதர். ஒடித்த கையில் அந்த வாடை பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை போகாது.

பெரியக்காவை மணையில் உட்கார வைத்து, உச்சந்தலையில் நல்லெண்ணெயைக் குளிரக் குளிர வைத்துத் தேய்ப்பதில் ஆரம்பிப்பார் ஆயா. தோள், முதுகு, முட்டி, கெண்டைக்கால், பாதம் என்று இறங்குவார். மஞ்சள் பூசுவார். பிறகுதான் செம்பு. இடுப்புக்கு நேரே கையை உயர்த்தி, கொதி அடங்கின தண்ணீரைப் பட்டென்று அடிப்பார். அக்கா அலறுவாள். "இடுப்பெலும்பு விட்டுக் கெடக்கு கண்ணு, கூடணும்ல" என்று அடுத்த செம்பு. எலும்பு செம்புத் தண்ணீரில் கூடுமா என்று டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும். வலி தீர்ந்தது என்று அக்காமார் எல்லோரும் சொன்னார்கள். இடுப்பில் ஊற்றுகிற ஒவ்வொரு செம்புக்கும் ஒரு கதை ஓடும். பல்லாவரத்தில் ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது, பம்மலில் ஒரு மாமியார் மருமகள் தட்டிலிருந்து கருவாட்டுத் துண்டை எடுத்தது, தன் நாத்தனாருக்குப் பால் வராமல் போய் ஊரே சுறாப் புட்டு செய்து அனுப்பியது. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்குமான பிரசவச் செய்தி எல்லாம் கிணற்றடிக்கு வந்துவிடும்.

குளித்து எழுந்ததும் காதில் பஞ்சு, தலையில் துண்டு. அப்பாவின் நைந்த வேட்டியை நீளவாக்கில் கிழித்து அடிவயிற்றிலிருந்து மேலாக இறுக்கிச் சுற்றுவார்கள். கவிழ்த்த கூடைமேல் கூந்தலை விரித்து அடியில் சாம்பிராணி. அப்புறம் குழந்தை. ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கெண்டைக்காலுக்கும் நடுவில் அதைக் கிடத்தி, மூக்கை நீவி, தலையை உருட்டி, அது வீறிட்டு முடிப்பதற்குள் துடைத்து உரை மருந்து நாக்கில் தடவி, துணியில் சுற்றிவிடுவார். அக்காவுக்கு நெல்லிக்காய் அளவு மருந்து உருண்டை, சுடுசோறு, பூண்டுக் குழம்பு. பிறகு தூக்கம்.

அந்தத் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு மணி வாக்கில் தொடங்கும். குழந்தை ஆயா மடியிலோ அம்மா மடியிலோ இருக்கும். பால் நேரம் வந்தாலும் குழந்தையைக் கொண்டுபோய் அணைத்துப் போட்டு, குடித்ததும் எடுத்துக்கொள்வார்களே தவிர அவளை எழுப்பமாட்டார்கள். அப்பா ரேடியோவைத் தணிப்பார். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்தால் பாட்டி வாசலுக்குப் போய்க் கையாட்டுவாள். பகலில் ஒரு பெண் படுத்துத் தூங்க, அவள் தூங்குவதற்காக வீட்டு ஆண்கள் மெதுவாக நடந்ததை என் ஆயுளில் அந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான் கண்டிருக்கிறேன். பச்சை உடம்பு என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் மாமியார்கூட வேலை சொல்லக்கூடாது. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும் என்கிறது மருத்துவம். எங்கள் பாட்டிகள் கைவிரலில் எண்ணியதும் அதே கணக்குத்தான்.

மருந்து கிளறுவது தனித் திருவிழா. சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டத் திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், வாய்விளங்கம், விரலி மஞ்சள் எல்லாவற்றையும் வறுத்து இடித்துச் சலித்து, வெல்லப் பாகில் போட்டு நல்லெண்ணெய் விட்டு, இருப்புச்சட்டியில் ஒட்டாமல் சுருளும்வரை கிளற வேண்டும். அம்மா சாமான்களைச் சண்முகம் சாலைக் கடையிலேயே வாங்கிவிடுவாள். அத்தைக்கு அது ஆகாது. மயிலாப்பூர் கச்சேரி சாலை டப்பா செட்டி கடைச் சரக்குதான் வேண்டும் என்று மாம்பலம் வரை ரயிலிலும் அப்புறம் பஸ்ஸிலும் போய் வருவாள். இரண்டு வீட்டு மருந்தும் ஒரே ருசிதான் என்று பெரியக்கா ஒருமுறை சொல்லிவிட்டு, அத்தையோடு அடுத்த பிரசவம் வரை பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாள்.

பத்தியமும் வீட்டுக்கு வீடு வேறு. எங்களுக்குக் கருவாடு, பால்சுறா. கூடைக்கார அம்மா கோவளத்திலிருந்து கொண்டுவருவார். எதிர்வீட்டு மாமி வீட்டில் அங்காயப் பொடியும் சுட்ட நெய்யும். மணத்தக்காளி வற்றல் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. தெருவில் சாதி பார்க்காமல் கை மாறிய ஒரே பண்டம் அதுதானோ என்னவோ.

இதையெல்லாம் மணக்க மணக்கச் சொல்லிவிட்டு அந்த அறையின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அக்காமார் என்னை மன்னிக்கமாட்டார்கள். தண்ணீர் தரமாட்டார்கள். சித்திரை வெயிலில், ஜன்னல் மூடிய அறையில், பால் கொடுக்கிற பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சின்ன டம்ளரில் இரண்டு வேளை சீரகத் தண்ணீர். "தண்ணி குடிச்சா வயிறு தொங்கிடும், ஜன்னி கண்டுடும்." சின்னக்கா ஈரத் துண்டை வாயில் வைத்து உறிஞ்சியதைப் பார்த்தேன். அதன் பிறகு தூளியாட்டப் போகிற சாக்கில் பாவாடை மடிப்பில் சொம்பை ஒளித்துக் கொண்டுபோவது என் ரகசிய உத்தியோகமாயிற்று.

ஜன்னி என்று அவர்கள் பயந்ததும் வீண் பயம் இல்லை. பிள்ளை பெற்ற பத்தாம் நாள் தலைவலி என்று ஆரம்பித்து, வலிப்பு வந்து, நினைவு தப்பிச் செத்துப்போன பெண்கள் இருந்தார்கள். பல வருஷம் கழித்துத்தான் இதில் ஒரு பகுதிக்கு வேறு பெயர் உண்டு என்று படித்தேன்: மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவது. பிரசவமான புதிதில் ரத்தம் எளிதில் உறையும் தன்மையோடு இருக்கும். உடம்பில் நீர் வற்றினால் அது இன்னும் மோசமாகும். இந்தியாவில் பிள்ளை பெற்ற பெண்களிடம் இந்த நோய் கூடுதலாக இருப்பதைக் கண்ட நரம்பியல் மருத்துவர்கள், தண்ணீரைக் கட்டுப்படுத்தும் வழக்கத்தைக் காரணங்களில் ஒன்றாகச் சந்தேகித்தார்கள். ஜன்னி வருமென்று தண்ணீரை நிறுத்த, நிறுத்தியதாலேயே சிலருக்கு அது வந்திருக்கலாம். எந்த ஏக்கத்திலும் இந்தத் தாகத்தை நான் திரும்பக் கேட்கமாட்டேன்.

பெரியக்காவுக்கு இரண்டாவதும் பெண். தந்தி கொடுத்தும் மாமியார் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. பதினோராம் நாள் காப்பரிசி கிளறினார்கள், தொட்டிலில் போட்டார்கள், எல்லாம் நடந்தது. அக்கா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தை அழுதால் எடுப்பாள், கொடுப்பாள், வைப்பாள். பேச்சில்லை. அம்மாவுக்கு அது பிடிவாதமாகப் பட்டது. பாட்டி கண்ணேறு என்று மிளகாய் சுற்றினாள். கண்டுபிடித்தவர் ஆயாதான். ஒருநாள் தண்ணீர் ஊற்றி முடித்தும் எழுப்பாமல், ஈரத்தோடேயே உட்கார வைத்துக்கொண்டு, "அழுதுடு கண்ணு, யாரும் இங்க வரமாட்டாங்க" என்றார். அக்கா அழுத சத்தம் அடுப்படி வரை கேட்டது. அம்மா எழுந்தாள், பாட்டி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அடுத்த நாளும் அப்படியே. நாலைந்து நாள் கிணற்றடி வேலை வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. ஆயா அடுத்த வீட்டுக்குத் தாமதமாகப் போய்ப் பேச்சு வாங்கிக்கொண்டார்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கணியம்பாடி கிராமங்களில் பிள்ளை பெற்ற பெண்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். 100க்கு 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு நோய் புதிதாக வந்திருந்தது. யாருக்கு அதிகம் வருகிறது என்ற பட்டியலைப் படித்தபோது எங்கள் கடைசி அறையின் உள்ளே யாரோ புகுந்து எழுதினதுபோல இருந்தது: வருமானம் குறைவு, ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண், மாமியாரோடும் பெற்றவர்களோடும் உரசல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரம். கூடவே, கைவேலைக்கு உதவ ஆள் இல்லாமை. கடைசிக் காரணத்தை டாக்டர்கள் ஆராய்ந்து எழுதும் அளவுக்குப் பெரிதாக நினைத்தார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஆயாவுக்குக் காப்பி தனி டம்ளரில்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், மாமி வீட்டிலும் அப்படித்தான். தொப்புள்கொடி அறுப்பது, தீட்டுத் துணி அலசுவது, பச்சை உடம்பைத் தொட்டுத் தேய்ப்பது எல்லாம் இன்னின்ன சாதிப் பெண்களின் வேலை என்று வைத்திருந்த ஊர். வீட்டுப் பெண்ணின் உடம்பு முழுக்க அந்தக் கை படலாம், சமையலறை நிலையைத் தாண்டக்கூடாது. நான் ஒருநாள், "ஆயா, உங்க பிரசவத்துக்கு யாரு தண்ணி ஊத்துனா?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எனக்கு யாரு பாப்பா ஊத்துவா? எட்டாம் நாளு குரோம்பேட்டையில ஒரு வீட்டுக்கு ஊத்தப் போயிட்டேன். வழியில பால் கட்டிக்கிச்சு, அந்த வூட்டுப் பிள்ளைக்கே குடுத்துட்டு வந்தேன்." நாற்பது நாள் ஓய்வு என்று நாம் பெருமையோடு சொல்வது ஓய்வெடுக்காத இன்னொரு பெண்ணின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

சின்னக்கா கதை வேறு. 1984இல் தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் மெப்ஸ் வந்தது. ஏற்றுமதி வளாகம், உள்ளே தைக்கிற கம்பெனிகளும் மின்னணுப் பொருள் கம்பெனிகளும். எங்கள் பக்கத்துப் பெண்கள் சாப்பாட்டு டப்பாவும் அடையாள அட்டையுமாக நடந்து போக ஆரம்பித்தது அப்போதுதான். அக்காவும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அன்றைய சட்டப்படி பிரசவ விடுப்பு 12 வாரம். முன்னே சில வாரம் எடுத்தாயிற்று. உடம்பில் வேட்டிக் கட்டு அவிழ்த்து ஒரு மாதம்கூட ஆகாமல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். மதியம் இரண்டு மணிக்கு மார்பு கல்லாகிவிடும். கழிப்பறைக்குப் போய்ப் பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டு வருவாளாம். சூப்பர்வைசர் நேரம் குறித்துக்கொள்வாராம். ரவிக்கைக்குள் மடித்து வைத்த துண்டோடு இரவு வந்து, குழந்தை அவளை மோந்து பார்த்துத் தாவினதும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். 2017இல் சட்டம் திருத்தி 26 வாரம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஒரு வருஷம். செய்தி வந்த அன்று சின்னக்கா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

என் முறை வந்தபோது ஆபரேஷன். தையலோடு வீட்டுக்கு வந்தேன். ஆயா வந்தார், முன்னைவிடக் கூன் விழுந்திருந்தது. முந்தானையை விலக்கித் தையலைப் பார்த்தார். "கிழிச்ச வயித்துல நான் எப்படிம்மா கை வைக்கிறது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். குழந்தைக்கு மட்டும் ஊற்றினார். எனக்குக் கையையும் காலையும் பிடித்துவிட்டார். அந்தத் தொழில் எங்கள் பக்கம் அருகிப்போனதற்கு ஆளாளுக்குக் காரணம் சொல்கிறார்கள்: கிணற்றடி போய் ஃபிளாட் வந்தது, அண்டா போய் கெய்சர் வந்தது, பெண்ணைப் பெற்ற அம்மாவே ஆபீஸ் போகிறாள். எல்லாம் சரி. எனக்கு முதலில் தோன்றுவது அந்தத் தையல்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஏறக்குறைய பாதிப் பெண்களின் வயிற்றைப் பார்த்து ஆயா பின்வாங்கியிருப்பார். அந்த வயிற்றுக்கு என்ன செய்யலாம், எப்போது எழுந்து நடக்கலாம், எவ்வளவு கனம் தூக்கலாம் என்று சொல்லித்தர வேண்டியவர்களோ டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை மூன்று வரி எழுதிக் கொடுத்தார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் என் பெரியக்கா பேத்தி மாட்டிக்கொண்டாள், கைக்குழந்தையோடு. அடையாற்றுத் தண்ணீர் கீழ்த்தளத்தை முழுங்கிவிட்டது. கரண்ட் இல்லை, அடுப்பு இல்லை. மூடி வைக்க ஜன்னலும் இல்லை, மொட்டைமாடிதான். மழைத் தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து அவள் குடித்தாள், பிஸ்கட் தின்றாள், ஈரத் தலையோடு பால் கொடுத்தாள். கூடவே மாட்டிக்கொண்ட அத்தை — அதே டப்பா செட்டி கடை அத்தைதான், எண்பது தாண்டியவள் — எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயே திறக்கவில்லையாம். அந்த வாரம்தான் ராமாபுரத்து மொட்டைமாடியிலிருந்து நிறைமாதக்காரி ஒருத்தியை விமானப்படை ஹெலிகாப்டரில் தூக்கித் தாம்பரம் தளத்தில் இறக்கினார்கள். இரண்டு நாளில் இரட்டைப் பெண்கள். "பார்த்தியா, கயித்துல தொங்கினவளுக்கே ஒண்ணும் ஆகல" என்று பேத்தி அத்தையைச் சீண்ட, அத்தை, "அவ ஆஸ்பத்திரிக்குப் போனா, நீ மாடியில கெடந்த" என்றாளாம். அவளுக்கு அவள் நியாயம்.

மருந்து மட்டும் எங்கும் போகவில்லை. சானடோரியத்தில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறந்தார்கள். அதன் அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனையில் காலையிலேயே வரிசை நிற்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களுக்கு 2015இல் கொடுக்கத் தொடங்கிய பெட்டகத்தின் 16 பொருள்களில் சௌபாக்கிய சுண்டி லேகியமும் ஒன்று. அம்மா இருந்திருந்தால் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, நல்லெண்ணெய் பத்தவில்லை என்றிருப்பாள். சண்முகம் சாலையில் பாட்டிலிலும் பாக்கெட்டிலும் கிடைக்கிறது. வயிற்றுக்கு பெல்ட் மெடிக்கல் ஷாப்பில் தொங்குகிறது. ஆயாக்களைக்கூட ஏஜென்சி அனுப்புகிறது, பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று. பெருங்களத்தூர் ஃபிளாட் ஒன்றில் அப்படி வந்த அம்மாவோடு லிப்டில் பேசிப் பார்த்தேன். குளிப்பாட்டுவது அரை மணி, மசாஜ் இத்தனை நிமிஷம் என்று கணக்கு இருக்கிறதாம். பேசிக்கொண்டு உட்கார நேரம் தருவார்களா என்று கேட்டேன். "அதுக்குக் காசு யாரும்மா குடுப்பா?" என்றார். காப்பி மட்டும் வீட்டு டம்ளரிலேயே தருகிறார்களாம்.

எழுதினதைப் பெரியக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். வயசு எழுபத்தொன்று, காது கொஞ்சம் மந்தம், ஞாபகத்தில் குறையில்லை. கிணற்றடியில் அழுததை ஏன் எழுதினாய் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அதைத் தாண்டிப் போய்விட்டாள். நொச்சி இரும்புலியூர் ஏரியில் இல்லையாம், பீர்க்கன்காரணை ஏரியாம். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் இல்லையாம், ஒன்றாம். "அப்புறம் உங்க ஆயாவை ரொம்பத் தூக்கி வெச்சு எழுதியிருக்கே. என் தலைக்குன்னு அம்மா குடுக்கற எண்ணெயில பாதியைத் தன் தலையில தேச்சுக்கிட்டுத்தான் போவாங்க, தெரியுமா?"

"தேச்சுக்கட்டுமே" என்றேன்.

"நானும் அதான் அம்மாகிட்ட சொல்லல."